அந்த என்ஓசியில் கையெழுத்துப் போடாதீர்கள், டீச்சர்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஈசிஆரில் நீலாங்கரையைத் தாண்டி ஒரு லே-அவுட்டில் 1987 முதல் குடியிருக்கிறோம். மொத்தம் 62 மனைகள். நடுவில் ஒன்பது கிரவுண்டு இடம் பிளானில் ‘பார்க்’ என்று இருக்கிறது. அங்கே நிற்கும் வேம்பும் புங்கையும் நாங்கள் வைத்தவை. போன மாதம் ராத்திரியோடு ராத்திரியாகச் சுற்றிலும் தகரம் அடித்துவிட்டார்கள். லே-அவுட் போட்டவரின் வாரிசுகளிடம் இடத்தை வாங்கிவிட்டதாகச் சொல்லும் பில்டர், அங்கே கிளப் ஹவுஸ் கட்டி எங்களுக்கு ஐந்து வருடம் இலவச மெம்பர்ஷிப் தருகிறாராம், அதற்கு அசோசியேஷன் என்ஓசி கொடுக்க வேண்டுமாம். ‘தானப்பத்திரம் பதிவாகவே இல்லை, சட்டப்படி இடம் அவர்களுடையது, கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம்’ என்கிறார் செயலாளர். இதற்கிடையில், கடற்கரைக்குப் போகும் 20 அடிச் சந்தின் கடைசியில் இருக்கும் பங்களாக்காரர் இரும்பு கேட் போட்டு வாட்ச்மேனை நிறுத்திவிட்டார். பக்கத்துக் குப்பத்து ஜனங்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். வரும் ஞாயிறு கூட்டம். எதிர்ப்பவர்கள் மூன்று பேர்தான். எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

வணக்கம் டீச்சர்,

முடியும். மூன்று பேர் போதும், ஒருவர்கூடப் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு விஷயம் உங்களுக்குத் தெளிவாகிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த இடம் சட்டப்படி பில்டருடையது என்றால் அவர் எதற்காக உங்களிடம் என்ஓசி கேட்கிறார்? என் வீட்டு மாடியில் நான் ஒரு ரூம் கட்ட எதிர்வீட்டுக்காரரிடம் போய் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவதில்லை. அவருக்கு அந்தக் காகிதம் தேவைப்படுகிறது, ஏனென்றால் நாளைக்கு வழக்கு என்று வரும்போது ‘குடியிருப்பவர்களே சம்மதித்துவிட்டார்கள், இது பார்க்காகப் பயன்படவே இல்லை’ என்று நீதிமன்றத்தில் காட்ட அவரிடம் இருக்கப்போகும் வலுவான ஆவணம் அதுதான். ஐந்து வருட மெம்பர்ஷிப் அதற்கான விலை. இருபது வருடமாக இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறேன், காலனிகள் தோற்ற இடங்களில் பெரும்பாலும் சட்டம் எதிராக இருந்ததில்லை, அவர்களே எழுதிக் கொடுத்த ஒரு கடிதமும் அவர்களே வீணாக்கிய சில வருடங்களும்தான் எதிராக இருந்தன. ஆகவே ஞாயிறு கூட்டத்தில் தீர்மானம் வந்தால் உங்கள் மூன்று பேரின் எதிர்ப்பையும் பெயர் போட்டு மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அன்றைக்கே செயலாளருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். இன்னொன்றும் கூட்டத்தில் சொல்லலாம்: பார்க் என்பது அசோசியேஷனின் சொத்து அல்ல, அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் 62 வீட்டுக்காரர்களும் ஒருமனதாகக் கைதூக்கினாலும் அவர்களுக்குக் கிடையாது.

சரி, செயலாளர் சொல்லும் தானப்பத்திரத்துக்கு வருவோம், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தக் காலத்து விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, அதை உள்ளாட்சிக்குப் பதிவுசெய்த தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று சொல்வது இதைத்தான். பழைய லே-அவுட்கள் பலவற்றில் பிளானில் ‘பார்க்’ என்று பச்சை அடித்துக் காட்டியதோடு சரி, பத்திரம் போடாமலே விட்டுவிட்டார்கள். பஞ்சாயத்தும் கேட்கவில்லை. அப்புறம் 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது உங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துகள் எல்லாம் அதற்குள் வந்தன. ஃபைல்கள் ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு மாறும்போது எந்த ரிஜிஸ்டர் வந்தது, எது வரவில்லை என்று யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. லே-அவுட் போட்டவர் காலமாகி வாரிசுகள் பழைய பட்டாவைத் தூசி தட்டி எடுப்பதும் இந்த மாதிரி இடைவெளியில்தான்.

ஆனால் பத்திரம் பதிவாகவில்லை என்பதால் இடம் மனை விற்றவருக்கே திரும்பிப் போய்விடாது. சேத்ராம் வசிஷ்ட் என்பவர் டெல்லி மாநகராட்சியோடு நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே எடுத்துக்கொண்டது. பத்திரம் இல்லாமல் மாநகராட்சி அந்த நிலத்துக்கு முழு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்று சொன்ன அதே தீர்ப்பு, லே-அவுட்டில் பூங்காவுக்கோ பள்ளிக்கோ என்று ஒதுக்கிய பிறகு மனை போட்டவர் அதைப் பொதுமக்களின் நன்மைக்காகத்தான் வைத்திருக்கிறார், தன் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்றும் சொன்னது. யோசித்துப் பாருங்கள், நீங்கள் 1987-க்கு முன்னால் மனை வாங்கியபோது பார்க் இருக்கிறது, கடற்கரைக்கு வழி இருக்கிறது என்றுதானே விலை சொல்லியிருப்பார்கள்? அந்த ஒன்பது கிரவுண்டின் விலையை 62 பேரும் பகிர்ந்து அப்போதே கட்டியாகிவிட்டது. அதே இடத்தை இரண்டாவது தடவை விற்கப் பார்க்கிறார்கள்.

பெங்களூரு ராஜமஹால் விலாஸ் விரிவாக்கத்தில் நடந்ததைப் படித்தால் உங்களுக்குத் தெம்பு வரும். அங்கே பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். மருத்துவமனைதானே, நல்ல காரியம்தானே என்று யாருக்கும் தோன்றும். அந்தப் பகுதிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், டிவிஷன் பெஞ்சில் ஜெயித்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பூங்காவைத் தனியார் நர்சிங் ஹோமாக மாற்றும் அதிகாரம் அரசுக்கே கிடையாது, எதிர்த்துக் கேட்கும் உரிமை அங்கே குடியிருப்பவர்களுக்கு உண்டு என்றது. லக்னோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் தரைக்குக் கீழே கடைவளாகம் கட்ட நகராட்சியே ஒரு பில்டரோடு ஒப்பந்தம் போட்டது. கட்டடம் எழும்பிய பிறகும், 1999-இல், அதை அகற்றிப் பூங்காவைப் பழையபடி ஆக்க வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலமைச்சர் உத்தரவும் நகராட்சி ஒப்பந்தமுமே நிற்காத இடத்தில், உங்கள் பில்டரிடம் இருப்பது வாரிசுகள் எழுதிக் கொடுத்த ஒரு கிரயப் பத்திரம் மட்டும்.

இப்போது காகிதம். முதலில் 62 வீட்டில் எத்தனை பேரிடம் முடியுமோ அத்தனை பேரின் மூலப்பத்திரத்தையும் வாங்கிப் பாருங்கள், பின்னால் இணைத்த பிளானில் ‘பார்க்’ என்ற வார்த்தை இருக்கிறதா என்று. இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். உங்கள் லே-அவுட்டுக்கு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி எண் இருக்கும், ‘பிபிடி/எல்ஓ’ என்று ஆரம்பிக்கும் (அப்போது அது எம்எம்டிஏ), அந்த எண்ணைக் குறிப்பிட்டு அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாநகராட்சிக்குத் தனியாக ஒரு மனு போடுங்கள். அதில் ‘எங்கள் பார்க்கை மீட்டுத் தாருங்கள்’ என்றெல்லாம் எழுத வேண்டாம், தகவல் அலுவலர் அதைப் புகார் என்று சொல்லித் திருப்பிவிடுவார். 1959-ஆம் வருடத்துப் பூங்காக்கள், விளையாட்டுத்திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளாட்சி வைத்திருக்க வேண்டிய பட்டியலில் இந்த இடம் இருக்கிறதா, பக்கத்தின் நகல் தரவும் என்று கேளுங்கள். ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள், அது உங்கள் உரிமை, நேரில் போய் ஃபைலைப் புரட்டும்போது கிடைப்பது தபாலில் கிடைக்காது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், அந்த சர்வே எண்ணில் யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்று தேதியோடு தெரிந்துவிடும்.

பதில் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். தகரம் அடித்தது பற்றி சிஎம்டிஏவுக்கும் மாநகராட்சிப் பூங்காத் துறைக்கும் உடனே புகார் கொடுங்கள், நகர ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57 பிரிவுகளில் நடவடிக்கை எடுக்கக் கேட்டு. அனுமதியில்லாத வேலையை நிறுத்தவும் அகற்றவும் அந்தப் பிரிவுகளில்தான் அதிகாரம் இருக்கிறது. காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். யாராவது இளைஞர்கள் கோபத்தில் தகரத்தைப் பிடுங்கப் போனால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், அன்றைக்கே அவர்கள் மேல் வழக்கு வரும், அப்புறம் பார்க்கை விட்டுவிட்டு ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். மரங்களைப் புகைப்படம் எடுத்து வையுங்கள், பழைய ஆல்பத்தில் பிள்ளைகள் அங்கே விளையாடிய படம், பொங்கல் விளையாட்டுப் போட்டிப் படம், கொடியேற்றின படம் எதுவாக இருந்தாலும் தேடுங்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக அது பார்க்காகத்தான் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இதையெல்லாம் செய்துகொண்டே, கொஞ்சம் சங்கடமான ஒரு வேலையும் இருக்கிறது. பார்க்கை ஒட்டியிருக்கும் வீடுகளில் யாருடைய காம்பவுண்டாவது இரண்டடி உள்ளே வந்திருக்கிறதா? யாராவது கார் ஷெட் போட்டிருக்கிறார்களா? பார்க்கின் மூலையில் அசோசியேஷன் ஆபீஸ் ரூம் கட்டினீர்களா? இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அந்தப் போட்டோவைத்தான் நீட்டுவார். எனக்குத் தெரிந்த ஒரு காலனி இப்படித்தான் இரண்டு வருடம் இழுபட்டது, பொதுச்செயலாளரின் மாட்டுக்கொட்டகை பார்க்குக்குள் இருந்தது, கடைசிவரை அவர் எடுக்கவில்லை.

இனி கடற்கரைச் சந்து. இது வேறு சட்டம், வேறு நீதிமன்றம், வேறு கடிகாரம். இதை பார்க் வழக்கோடு சேர்த்து ஒரே மனுவாக்க வேண்டாம்.

பங்களாக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், ‘கேட் என் இடத்தில் இருக்கிறது, ராத்திரி குடிகாரர்கள் வருகிறார்கள், பாதுகாப்புக்காக’ என்பார். சந்து லே-அவுட் பிளானில் பாதையாகக் காட்டியிருந்தால் அது பொதுத்தெரு. தெருவில் கேட் போடும் உரிமை யாருக்கும் இல்லை, அவர் மனைக்குள் அவர் எத்தனை கேட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு மேல் கடலோர ஒழுங்குமுறை மண்டல (சிஆர்இசட்) விதிகள் இருக்கின்றன. முதல் அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது, பிறகு 2011, பிறகு 2019. 2011 அறிவிக்கையில் கடற்கரை விடுதிகளுக்கான விதிகளைப் படித்தால் தெரியும்: இரண்டு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும், வேலி போட்டாலும் அது கரைக்குப் போவதைத் தடுக்கக் கூடாது, மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது. பங்களா விடுதி இல்லைதான், ஆனால் கரைக்குப் போகும் வழி பொதுமக்களுடையது என்ற எண்ணத்தில்தான் இந்த விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை மனுவில் தாராளமாகச் சொல்லலாம். பங்களா வாடகைக்கு விடும் ‘பீச் ஹவுஸாக’ ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஈசிஆரில் இது நிறைய நடக்கிறது, அப்படியென்றால் கதையே வேறு.

உயர் அலைக்கோட்டுக்கும் தாழ் அலைக்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஈரமணல் அந்த விதிகளில் சிஆர்இசட்-ஒன்று பி என்ற வகை. அதற்கு மேலே உங்கள் பகுதி எந்த வகையில் வருகிறது என்பது வரைபடத்தைப் பொறுத்தது. கட்டடங்கள் நிறைந்த இரண்டாம் வகை என்றால், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம், கடல் பக்கம் கூடாது. ஆமை முட்டையிடும் இடம் என்று குறித்திருந்தால் அது முதல் வகை, பாதுகாப்பு இன்னும் அதிகம். உங்கள் கரையில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை ஏறுகிறதே, 1988-இலிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்களே, அவர்களிடம் உங்கள் பகுதிக்கான பதிவு இருந்தால் கேட்டு வாங்குங்கள். பங்களாவின் விளக்கு கடலைப் பார்த்து எரிந்தால் குஞ்சுகள் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் போய்ச் சாகும். அதையும் படம் எடுங்கள். எந்த அறிவிக்கையின் வரைபடம் இப்போது உங்கள் கரைக்குப் பொருந்துகிறது, அதில் சந்து எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். புகாரை மாவட்ட அளவிலான குழுவுக்குக் கொடுங்கள், அதற்குத் தலைவர் கலெக்டர்.

கடிகாரம் என்றேனே, அதுதான் முக்கியம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட் எந்தத் தேதியில் வந்தது என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். கலெக்டர் ஆபீஸ் பதில் போடட்டும் என்று காத்திருந்து ஏழாவது மாதம் என்னைத் தேடி வந்தவர்கள் நிறையப் பேர். பார்க் விஷயத்துக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அங்கே இத்தனை நாள் என்று கட்டாயம் இல்லாவிட்டாலும் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் போவதும் எழும்பிய பிறகு போவதும் ஒன்றல்ல. கேரளத்து மரடுவில் கடலோர விதிகளை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்களே, பஞ்சாயத்து அவற்றுக்கு அனுமதி கொடுத்தது 2006-இல். நடுவில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் சேமிப்பைப் போட்டு அங்கே குடியேறிவிட்டன. ஆரம்பத்திலேயே நிறுத்தினால் யாருடைய வாழ்க்கையும் இப்படி உடையாது, பில்டரிடம் புக் செய்யப்போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, டீச்சர். உங்கள் கடிதத்தில் ‘பக்கத்துக் குப்பத்து ஜனங்களும்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என்னைக் கேட்டால் இந்த வழக்கில் முதல் மனுதாரர்கள் அவர்களாக இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கரை சாயங்கால நடை, அவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். படகு ஏற்றுவதும் வலை காயப்போடுவதும் மீன் ஏலம் விடுவதும் அந்த மணலில்தான் நடக்கிறது. அந்த கேட் இருப்பதால் நீங்கள் சுற்றிக்கொண்டு போகிறீர்கள், மீன்கூடையோடு போகும் பெண்கள் அந்த வெயிலில் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்று நடந்து பாருங்கள். சட்டமும் அவர்களை மறக்கவில்லை. மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் கடலோர வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது. கடற்கரையைக் காப்போம் என்று கிளம்பும் காலனிகள் சில, பங்களாவை எதிர்ப்பதோடு நிற்காமல், ‘படகையும் வலையையும் எடுக்கச் சொல்லுங்கள், நாற்றம் அடிக்கிறது’ என்று அதே மனுவில் ஒரு கோரிக்கையைச் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை, அப்படிப்பட்ட மனுவை நான் எடுப்பதும் இல்லை. 2023-இல் மெரினா லூப் ரோட்டில் மீன் கடைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்றப் போனபோது நொச்சிக்குப்பத்து மக்கள் ரோட்டில் உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரோடு அவர்கள் கரை மேல் வந்ததே தவிர, அவர்கள் ரோட்டுக்கு வரவில்லை. ஆகவே ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் குப்பத்துக்குப் போய் அவர்களின் பஞ்சாயத்துத் தலைவரைப் பாருங்கள். மூன்று பேர் என்று கவலைப்பட்டீர்களே, திரும்பி வரும்போது முந்நூறு பேர் இருப்பார்கள்.

பில்டர் அடுத்து என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளப் ஹவுஸ் எடுபடவில்லை என்றால் பாதி இடத்தைப் பார்க்காகவே விட்டு, புல்தரையும் நடைபாதையும் போட்டுத் தருகிறேன் என்பார். அதுவும் இல்லை என்றால் ‘பராமரிப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று வருவார். தனியார் பராமரிப்பு என்பதே தவறில்லை, மாநகராட்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, பூட்டு இல்லாமல், கட்டணம் இல்லாமல், ஒரு செங்கல்கூட எழும்பாமல் இருந்தால் சரி. அதையும் இந்த ஆள் இடத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கும்வரை பேசவே வேண்டாம். நாளைக்கு மாநகராட்சியே வந்து அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியோ சமுதாயக் கூடமோ கட்டுகிறோம் என்றாலும் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். தொட்டிக்கு வேறு இடம் கிடைக்கும். ஒன்பது கிரவுண்டு வெற்றிடம் இனி உங்கள் பகுதியில் கிடைக்காது.

மூலப்பத்திர நகல்கள், வில்லங்கச் சான்று, கேட் வந்த தேதி, புகார் ரசீதுகள், இவை கையில் வந்ததும் ஒரு வக்கீலைப் பாருங்கள், நானாக இருக்க வேண்டும் என்றில்லை. அதுவரை சாயங்காலம் ஒரு தடவை அந்தச் சந்தில் நடந்து, விளக்குக் கம்பங்களில் மாநகராட்சி பெயின்ட் அடித்த எண் இருக்கிறதா, கேட்டுக்கு அந்தப் பக்கமும் அப்படி ஒரு கம்பம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வாட்ச்மேன் இருக்கும்போதே வெளியிலிருந்து கம்பிகளின் வழியாக அந்த எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். தன் வீட்டுக்குள் மாநகராட்சி எதற்கு விளக்குப் போட்டது என்று அவர் பதில் சொல்லட்டும்.